வாகைகுளத்துல ஏறுனா சென்னை எம்புட்டு தூரம், எம்புட்டு நேரம்? கடையில கேக்குற கேள்வியும் என் பதிலும்

திருநெல்வேலி பாளையங்கோட்டை (பாளைன்னு சொல்லுவோம்) மார்க்கெட் பக்கம் ஜெராக்ஸ், ரீசார்ஜோட சேத்து ட்ரெயின், பஸ், பிளைட் டிக்கெட்டும் போட்டுக் குடுக்கேன். டிக்கெட் போட அஞ்சு நிமிஷம், சந்தேகம் தீர்க்க அரை மணி நேரம். கேக்குற ஆளுதான் மாறுதாவ, கேள்வி மாற மாட்டேங்கு. அதான் அவங்க கேட்ட மாதிரியே எழுதி பதிலையும் போட்டு வச்சிட்டேன், இனி யாராச்சும் கேட்டா வாட்ஸ்அப்ல இத அனுப்பிட்டு நான் டீ குடிக்கப் போயிருவேன்.

திருநெல்வேலில ஏர்போர்ட் இருக்கா இல்லையா அண்ணாச்சி? ஆப்ல அடிச்சா தூத்துக்குடின்னு வருது

நமக்குன்னு தனியா இல்ல. வாகைகுளத்துல இருக்கே, அதுதான் ரெண்டு ஊருக்கும். பேரு தூத்துக்குடி ஏர்போர்ட், டிக்கெட்ல டிசிஆர்னு மூணு எழுத்து இருக்கும். 1992-ல இருந்து இருக்கு. பாளைல இருந்து தூத்துக்குடி நாலுவழிச் சாலைல வல்லநாடு தாண்டிப் போனா முப்பது முப்பத்தஞ்சு கி.மீ, காருக்கு முக்கால் மணி நேரம் வைங்க. தூத்துக்குடிக்காரங்களுக்கு இன்னும் பக்கம். ஆப்ல திருநெல்வேலின்னு அடிச்சு ஒண்ணும் வரலன்னா பயப்படாதிய, தூத்துக்குடின்னு அடிங்க.

வாகைகுளம் டு சென்னை பிளைட்ல எத்தன கிலோமீட்டர்?

ஆகாசத்துல நேர் கோடு போட்டா 530 கி.மீ, ஒண்ணு ரெண்டு முன்னப்பின்ன. ரோட்டுல நம்ம ஊர்ல இருந்து 620-க்கு மேல, ரயில்ல 650 பக்கம். ஏன் இந்த வித்தியாசம்னா ரோடும் ரயிலும் மதுரை, திருச்சி, விழுப்புரம்னு ஊர் ஊரா தொட்டுட்டுப் போவுது, கோடு யாரையும் பாக்கப் போறதில்ல.

தமிழ்நாடு மேப்ல ஸ்கேல் வச்சு வாகைகுளத்தையும் மீனம்பாக்கத்தையும் சேத்துப் பாருங்க, மானாமதுரை, காரைக்குடி, புதுக்கோட்டை, தஞ்சாவூர், நெய்வேலி, திண்டிவனம்னு இந்த ஊருக்கு மேலயோ ஓரமாவோதான் கோடு போவும். மதுரை மேற்க ஒதுங்கிரும், திருச்சியும் ஒதுங்கிரும். (புதுக்கோட்டைன்னா அந்தப் பெரிய புதுக்கோட்டை, வாகைகுளத்துப் பக்கத்துல நம்ம புதுக்கோட்டை இல்ல, ஒருத்தர் அப்படி நெனச்சுட்டு சண்டைக்கே வந்துட்டாரு.) உண்மையான பிளைட் அச்சு அசலா இந்தக் கோட்டுலயே போவாது. வானத்துலயும் பாதை குறிச்சு வச்சிருக்காவ, எறங்கும்போது ரன்வே எந்தத் திசையோ அதுக்குத் தக்கன சுத்தியும் வரணும், அதனால பறக்குற தூரம் கொஞ்சம் கூடத்தான் செய்யும்.

எங்க மச்சான் ஒரு மணி நேரத்துல போயிரலாங்கான், டிக்கெட்ல ஒன்றரை மணி நேரம்னு இருக்கு. யாரு சொல்லுதது சரி?

ரெண்டு பேருமே சரிக்குப் பக்கம்தான். டிக்கெட்ல போட்டிருக்க நேரம் பறக்குற நேரம் இல்ல. பிளைட் நிக்குற எடத்துல இருந்து நகர ஆரம்பிச்ச நிமிஷத்துல இருந்து, அங்க போயி நின்னு சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வைக்குறது வரைக்கும் உள்ள நேரம் அது. ரன்வேக்கு ஊர்ந்து போறது, முன்னாடி ஒரு பிளைட் நின்னா அதுக்குப் பின்னாடி நிக்குறது, சென்னைல எறங்குன பெறகு எடம் தேடி பைய உருண்டு போறது எல்லாம் அதுக்குள்ள அடக்கம்.

வாகைகுளம்–சென்னைக்கு டிக்கெட்ல 1:25, 1:30, 1:35னு மாறி மாறிப் போட்டிருக்கும். சக்கரம் தரைய விட்டுக் கெளம்பி திரும்ப தரையத் தொடுறதுக்கு ஒண்ணேகால் மணி நேரம் பக்கம். போதாக்குறைக்கு கம்பெனிக்காரங்க பத்து நிமிஷம் கூட்டியே போட்டு வைப்பாவ, லேட்டாக் கெளம்புனாலும் கரெக்ட் டைம்னு சொல்லிக்கலாம்லா. அதனாலதான் சில நாள் பத்து நிமிஷம் முன்னாடியே எறக்கி விட்டுருதான்.

530 கி.மீ தான, பிளைட் மணிக்கு 800, 900 போவும்னு படிச்சிருக்கேனே. முக்கால் மணி நேரத்துல போவணுமே?

அது ஜெட்டுக்கு. ஏர்பஸ் 320 மாதிரி பிளைட் மேல ஏறி நிதானத்துக்கு வந்தப் பெறகு 830 கிட்ட போவும். நமக்கு வர்றது பெரும்பாலும் ஏடிஆர் 72, ரெண்டு பக்கமும் காத்தாடி சுத்துமே அது, மணிக்கு 500 பக்கம்தான் போவும். அந்த 500-ம் கூட முழு தூரத்துக்கும் கிடையாது. ஏறும்போது வேகம் கம்மி, எறங்கும்போது அதவிடக் கம்மி. பாளை பஸ் ஸ்டாண்டுல இருந்து ஜங்ஷனுக்கு பைக்ல போறப்போ எண்பதுல போனேன்னு யாராச்சும் சொன்னா சிரிப்பியல்லா, அந்தக் கதைதான்.

காத்தாடி பிளைட்டா? ஏல, அதுல எங்க அம்மாவ ஏத்தி விடலாமா?

தாராளமா ஏத்தி விடு தம்பி. அந்தக் காத்தாடியச் சுத்துறதும் ஜெட் இன்ஜின் ஜாதிதான், உள்ள டர்பைன் ஓடுது. குட்டி தூரத்துக்கும் குட்டி ரன்வேக்கும் அதுதான் லாயக்கு, டீசலும் கம்மி (டீசல்னு பேச்சுக்குச் சொன்னேன், ஊத்துறது வேற எண்ணெய்). சத்தம் கொஞ்சம் ஜாஸ்தி, மேகத்துக்குள்ள போனா குலுக்கும், ஏன்னா ஜெட் போற ஒசரத்துக்கு இது போறதில்ல, இருபதாயிரம் அடிக்குள்ளதான் ஓட்டுவாவ.

முதல் தடவ போறவங்க முழிக்குற எடம் ஒண்ணு இருக்கு. ஏடிஆர்ல ஏறுற வாசல் பின்னாடி, வால் பக்கம். கதவே கீழ மடங்கி படியா நிக்கும். அதனால ஒண்ணாம் நம்பர் வரிசை சீட்டுக்காரர்தான் கடைசி வரைக்கும் நடக்கணும், கடைசி வரிசைக்காரர் ஏறுன ஒடனே உக்காந்துக்கலாம், எறங்கும்போதும் அவர்தான் முதல்ல. முட்டி வலி உள்ளவங்களுக்கு நான் பின் வரிசைதான் போட்டுக் குடுப்பேன். ரெண்டு ரெண்டு சீட்டுதான், நடு சீட்டுங்கிற பேச்சே இல்ல.

இப்ப ரன்வேய பெருசாக்கிட்டாங்கல்லா, ஜெட் வந்தா நேரம் பாதியாக் கொறையுமா?

கொறையாது. பழைய ரன்வே 1,350 மீட்டர்தான் இருந்துச்சு, அதுல ஏடிஆர் மாதிரி காத்தாடி பிளைட்தான் எறங்க முடியும், பெரிய ஜெட் எறங்க முடியாது. இப்ப 3,115 மீட்டர், 2025 ஜூலைல புது டெர்மினலையும் பிரதமர் வந்து தெறந்து வச்சாரு. ஏர்பஸ் 321 வரைக்கும் எறங்கலாம்.

ஆனா 530 கி.மீ-க்கு ஜெட் வந்தாலும் மிச்சம் பிடிக்குறது பதினஞ்சு இருவது நிமிஷம்தான். அது ஏறி ஒசரத்துக்குப் போயி முழு வேகம் எடுக்குறதுக்குள்ள எறங்க ஆரம்பிக்கணும். தரைல ஊர்ற நேரம் ஜெட்டுக்கும் காத்தாடிக்கும் ஒண்ணுதான். ஜெட்டால நெசமான லாபம் சீட்டு எண்ணிக்கைல, ஏடிஆர்ல 78 பேர், ஏர்பஸ்ல 180-க்கு மேல. பொங்கலுக்கு டிக்கெட் வெல கேட்டு நெஞ்சப் பிடிக்குறவங்களுக்கு அதுதான் முக்கியம்.

போகும்போது 1:35, வரும்போது 1:25. ஒரே தூரம்தான, எங்க பத்து நிமிஷத்தக் கொள்ளை அடிக்கான்?

கொள்ளையும் இல்ல ஒண்ணும் இல்ல. ஒண்ணு, சென்னைல எறங்க வரிசை ஜாஸ்தி, வாகைகுளத்துல நேரா வந்து எறங்கலாம். ரெண்டாவது காத்து. ஆடி மாசம் பாளைல இருந்து தென்காசிக்கு சைக்கிள் மிதிச்சவங்களுக்கு நான் வெளக்கிச் சொல்ல வேண்டியதில்ல, போகும்போது நெஞ்சுல அடிக்கும், வரும்போது மிதிக்காமலே வந்துரலாம். பிளைட்டுக்கும் அப்படித்தான். நம்ம தூரத்துக்கு அது அஞ்சு பத்து நிமிஷ சமாச்சாரம்தான், துபாய் மாதிரி நாலு மணி நேரம் பறந்தா நல்லாவே தெரியும். குளிர் காலத்துல மேல காத்து மேற்குல இருந்து வீசும், அப்ப துபாய் போற பிளைட்டுக்கு எதிர்காத்து, திரும்பி வர்றது சீக்கிரம் வந்துரும்.

எங்க மாமா வந்தே பாரத்தே போதும்கார். கணக்கு போட்டுச் சொல்லுங்க

பத்து மணி பிளைட்னு வைங்க. பாளைல ஏழே முக்காலுக்கு காரு, எட்டரைக்கு வாகைகுளம். கவுண்ட்டர ஒரு மணி நேரம் முன்னாடியே மூடிருவான், பிளைட்டுக்குப் போற கேட்டை 25 நிமிஷம் முன்னாடி, அதனால எட்டரைங்கறது ரொம்ப சீக்கிரம் ஒண்ணும் இல்ல. பதினொன்றரைக்கு சென்னை, பெட்டி எடுக்க இருவது நிமிஷம், வாசல்லயே மெட்ரோ இருக்கு, எக்மோர் பக்கம் போவ ஒரு மணி ஆயிரும். ஆக மொத்தம் அஞ்சு, அஞ்சேகால் மணி நேரம். அதுல பறந்தது ஒண்ணேகால்தான், மிச்சமெல்லாம் நின்னதும் உக்காந்ததும்.

வந்தே பாரத் 2023 செப்டம்பர்ல இருந்து ஓடுது. காலைல ஆறு மணி பக்கம் ஜங்ஷன்ல ஏறுனா எட்டு மணி நேரத்துக்குள்ள எக்மோர். ரெண்டுக்கும் வித்தியாசம் மூணு மணி நேரம் கூட இல்ல. நெல்லை எக்ஸ்பிரஸ் பத்தரை பதினோரு மணி நேரம், ஆனா தூங்கிட்டுப் போற நேரத்த நான் நேரமாவே சேக்க மாட்டேன். அம்பாசமுத்திரம், களக்காடு பக்கம் இருந்து வர்றவங்க ஏர்போர்ட்டுக்கு இன்னும் ஒரு மணி நேரம் கூட்டிக்கோங்க, அப்ப மாமா சொல்லுததுல நியாயம் இருக்கு. காலைல போயி ஒரு வேலைய முடிச்சிட்டு ராத்திரி வீட்டுக்கு வரணும்னா மட்டும் பிளைட்ட அடிச்சுக்க ஒண்ணும் கிடையாது.

ஜன்னல் சீட்டு எந்தப் பக்கம் போடட்டும்? பிள்ளைக்கு கடல் பாக்கணுமாம்

சென்னைக்குப் போகும்போது வலது பக்கம், வரும்போது இடது பக்கம். கடல் கிழக்க, அவ்வளவுதான் சூத்திரம். ரெக்கை மேல இருக்குறதால ஏடிஆர்ல கீழ நல்லா தெரியும். நெய்வேலி சுரங்கம் கண்ணுல பட்டா மூணுல ரெண்டு பங்கு தூரம் வந்தாச்சுன்னு அர்த்தம்.

துபாய் போறதுக்கு மதுரை பக்கமா திருவனந்தபுரம் பக்கமா?

இதுதான் நான் ரசிச்சு பதில் சொல்லுத கேள்வி. நம்ம ஊர்ல இருந்து மதுரை ஏர்போர்ட் சுமார் 150 கி.மீ, திருவனந்தபுரம் ஏர்போர்ட்டும் சுமார் 150. அங்க இருந்து துபாய் ரெண்டுக்குமே 2,950 கி.மீ பக்கம், பத்து இருவது கி.மீ கூட வித்தியாசம் வராது. திருவனந்தபுரம் மேற்க தள்ளி இருக்குறதால துபாய்க்குப் பக்கம், ஆனா தெக்க தள்ளி இருக்குறதால தூரம், ரெண்டும் சேந்து கழிச்சுருது. கிலோமீட்டர வச்சு முடிவே எடுக்க முடியாது.

நேரத்துலதான் வித்தியாசம். மதுரைக்கு கயத்தார், கோவில்பட்டி, சாத்தூர், விருதுநகர்னு நாலுவழிச் சாலை, ஏர்போர்ட் மதுரைக்குத் தெக்க இருக்குறதால ஊருக்குள்ளயே நுழைய வேண்டாம், கப்பலூர்ல ரிங் ரோடு பிடிச்சா ரெண்டரை மணி நேரத்துல வாசல். திருவனந்தபுரத்துக்கு காவல்கிணறு வரைக்கும் சொகம், நாகர்கோவில் தாண்டி மார்த்தாண்டம், பாறசாலைன்னு வீட்டு வாசல உரசிட்டுப் போற ரோடு, மூணரை மணி நேரம் எடுத்து வைங்க, கூட்டம்னா நாலு. தென்காசி, செங்கோட்டைக்காரங்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அவங்க ஆரியங்காவு வழியா மலை எறங்கிருவாவ. வள்ளியூர், ராதாபுரம் ஆளுங்களும் திருவனந்தபுரமே போறது நல்லது, அங்க துபாய்க்கு பிளைட்டும் ஜாஸ்தி.

திருவனந்தபுரம்னா ரெண்டு விஷயம். வெளிநாட்டு டெர்மினல் சாக்கை பக்கம், உள்நாட்டு டெர்மினல் சங்குமுகம் பீச் பக்கம், நடுவுல ரன்வே, ஒண்ணுல இருந்து ஒண்ணுக்கு ஊரச் சுத்தித்தான் போவணும். என் மச்சினன கார்க்காரர் பீச் பக்கம் எறக்கி விட்டுட்டு டீ குடிக்கப் போயிட்டாரு, இவன் பெட்டியோட நின்னு போன்ல அழுதான். இன்னொண்ணு, பத்மநாபசாமி ஆறாட்டு. வருஷத்துக்கு ரெண்டு தடவ, பங்குனிலயும் ஐப்பசிலயும், சாமி ஊர்வலம் ரன்வே வழியாத்தான் சங்குமுகம் கடலுக்குப் போவும். அன்னைக்கு சாயங்காலம் சில மணி நேரம் பிளைட்டே கெடையாது, டைம மாத்திருவாவ. மெசேஜ் வந்தா ஏமாத்து வேலைன்னு நெனைச்சு அழிச்சிராதிய.

மதுரைல பகல் 12 மணிக்கு ஏறுனா துபாய்ல 2:40-க்கு எறங்குதாம். ரெண்டே முக்கால் மணி நேரம்தானா தம்பி?

இல்ல பெரியம்மா, நாலு மணி பத்து நிமிஷம். எறங்குற நேரத்த அந்தந்த ஊர் கடியாரப்படிதான் போடுவாவ. துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால, அங்க 2:40-னா நம்ம வீட்டுக் கடியாரத்துல 4:10. சிங்கப்பூர் தலைகீழ், நமக்கு ரெண்டரை மணி நேரம் முன்னால, ராத்திரி 11 மணிக்கு ஏறி காலைல 5:45-க்கு எறங்குனா ஆறே முக்கால் மாதிரி தெரியும், உக்காந்திருந்தது நாலேகால்தான். கொழும்புக்கு இந்தத் தொல்லையே இல்ல, 2006-ல இருந்து அவங்களுக்கும் நமக்கும் ஒரே நேரம்.

15-ம் தேதி 12:30 ஏஎம்னு இருக்கு, 15-ம் தேதி ராத்திரி கெளம்புனா போதும்லா?

போதாது. 14-ம் தேதி ராத்திரிச் சோறு தின்னுட்டு வீட்ட விட்டுக் கெளம்பணும், மதுரைன்னா ஆறு ஆறரைக்கே. 12:30 ஏஎம்னா 14 முடிஞ்சு அர மணி நேரம் ஆயிருக்கு, அவ்வளவுதான். மேலப்பாளையத்துல இருந்து ஒரு வாப்பா, மவனுக்கு பெட்டி கட்டி, அல்வா வாங்கி, சொந்தக்காரங்களுக்கு விருந்தும் போட்டுட்டு 15-ம் தேதி மத்தியானம் போர்டிங் பாஸ் பிரிண்ட் எடுக்க என் கடைக்கு வந்தாரு. பிளைட் போயி பன்னெண்டு மணி நேரம் ஆயிருந்துச்சு. அன்னைல இருந்து இந்த மாதிரி டிக்கெட்ல "14 இரவு கிளம்பணும்"னு செவப்பு பேனால எழுதித்தான் குடுக்கேன்.

கொழும்பு நமக்கு சென்னைய விடப் பக்கம்னு எங்க தாத்தா சொல்லுவாரு, நெசமா?

நெசம்தான், பாதி தூரம்தான். வாகைகுளத்துல இருந்து கொழும்பு ஏர்போர்ட் நேர் கோட்டுல 270 கி.மீ கூட வராது, சென்னை 530. பெங்களூரு கூட 500-க்குள்ள, சென்னையவிட ஒரு முப்பது கி.மீ கம்மி, யாரும் நம்ப மாட்டாவ.

ஆனா வாகைகுளத்துல இருந்து கொழும்புக்கு பிளைட் கெடையாதே. மதுரை போயி ஏறணும், அங்க இருந்து 350 கி.மீ, ஒரு மணி நேரம் பக்கம். அந்த ஒரு மணி நேரத்துக்கு ரோட்டுல ரெண்டரை, ஏர்போர்ட்ல மூணு. தாத்தா காலத்துல தூத்துக்குடில கப்பல் ஏறுனாவ, அதுதான் அவருக்குப் பக்கமா இருந்திருக்கு.

பைலட் 280 மைல்னாரு, நான் 530 கி.மீ-ய மைலாக்குனா 330 வருதே?

அவரு சொன்னது கடல் மைல். தரை மைல் 1.609 கி.மீ, கடல் மைல் 1.852 கி.மீ. கப்பல்காரங்ககிட்ட இருந்து பிளைட்டுக்கு வந்த பழக்கம். 530-ஐ 1.852-ஆல வகுங்க, 286 வரும். சில வெப்சைட் மைல்னு மட்டும் போடும், எந்த மைல்னு சொல்லாது, தூரம் ஒத்து வரலன்னா முதல்ல இதத்தான் பாக்கணும்.

இத நானே கணக்கு போட்டுப் பாக்க முடியுமா?

போடலாமே, பத்தாம் கிளாஸ் கணக்குதான். போன் மேப்ல ஏர்போர்ட்ட அழுத்திப் பிடிச்சா ரெண்டு நம்பர் வரும். வாகைகுளம் 8.72, 78.03. சென்னை 12.99, 80.17. முதல் நம்பர் ரெண்டையும் கழிச்சா 4.27, அத 111-ஆல பெருக்குனா 474 கி.மீ, இது வடக்க போறது. ரெண்டாவது நம்பரக் கழிச்சா 2.14, அத 109-ஆல பெருக்குனா 233, இது கிழக்க போறது. அப்புறம் பிதாகரஸ், ரெண்டையும் வர்க்கம் பண்ணிக் கூட்டி மூலம் எடுத்தா 528.

ஒண்ணுக்கு 111, இன்னொண்ணுக்கு 109 ஏன்னா, தெக்க வடக்க ஒரு டிகிரி எங்க போனாலும் 111 பக்கம்தான், கிழக்க மேற்க உள்ளது வடக்க போகப் போக சுருங்கிட்டே போவும், பலாச்சொளை நடுவுல அகலமா இருந்து ரெண்டு முனைலயும் ஒடுங்குற மாதிரி. நம்ம தமிழ்நாட்டுக்குள்ள 109 போதும். துபாய்க்கு இத வச்சு போட்டா தப்பா வரும், பூமி உருண்டைங்கறத அதுக்கு மேல மறைக்க முடியாது.

அப்ப அமெரிக்கா போற பிளைட் மேப்ல வில்லு மாதிரி வளைஞ்சு போவுதே, நேராப் போனா தூரம் கம்மியாவாதா?

அதுதான் நேர். மேப்தான் கோணல். உருண்டைய காயிதத்துல தட்டையா விரிச்சா வடக்கு தெற்கு ஓரமெல்லாம் இழுபட்டுரும். பிள்ளைங்க படிக்குற பூமி உருண்டைல சென்னைலயும் நியூயார்க்கலயும் விரல வச்சு ஒரு நூல இறுக்கிப் பிடிச்சுப் பாருங்க, நூல் தானா வடக்க ஏறிப் போவும். வாகைகுளம்–சென்னைக்கு இந்த வளைவு கண்ணுக்கே தெரியாது.

சென்னைக்கு மேல வந்துட்டு அர மணி நேரமா சுத்துனான், அது எந்தக் கணக்குல சேத்தி?

எந்தக் கணக்குலயும் இல்ல, அதுக்குத்தான் டிக்கெட் நேரத்துல பத்து நிமிஷம் கூட்டி வைக்குறதுன்னு மேல சொன்னேன், மழைன்னா அதுவும் பத்தாது. ஐப்பசி கார்த்திகைல சென்னைக்குப் போறவங்க அன்னைக்கே கல்யாணம், இன்டர்வியூன்னு வச்சுக்காதிய. எறங்க முடியலன்னா வேற ஊருக்குத் திருப்பி விட்டுருவாவ. 2015 டிசம்பர்ல சென்னை ஏர்போர்ட்டே தண்ணிக்குள்ள நின்னுது, நாள் கணக்கா மூடிக் கெடந்துச்சு. நமக்கு 2023 டிசம்பர் 17, 18 மறக்குமா, காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் பெஞ்சுச்சு, தூத்துக்குடி ரோடு துண்டாப் போச்சு. அன்னைக்கு வாகைகுளம் 35 கி.மீ-ன்னு சொல்லி என்ன பிரயோஜனம்.

வாகைகுளத்துல ஏறி சென்னைல எறங்கி சிங்கப்பூர் பிளைட் பிடிக்கணும். நடுவுல ரெண்டு மணி நேரம் போதுமா?

ஒரே பிஎன்ஆர்ல சேத்துப் போட்ட டிக்கெட்னா அவங்களே விக்குற இடைவெளி போதும், முதல் பிளைட் லேட்டானா அடுத்ததுல ஏத்தி விடுற பொறுப்பு அவங்களோடது. ரெண்டு தனி டிக்கெட்னா ரெண்டு மணி நேரம் பத்தவே பத்தாது. பெட்டிய எடுக்கணும், வெளிய வந்து அடுத்த டெர்மினலுக்கு நடக்கணும், திரும்ப பெட்டி போடணும், எமிகிரேஷன் வரிசை, வெளிநாட்டுக்கு கவுண்ட்டரும் சீக்கிரமே மூடிருவான். முதல் பிளைட் லேட்டானா ரெண்டாவது கம்பெனிக்காரன் எனக்கென்னன்னு போயிருவான். நான் அஞ்சு மணி நேரத்துக்குக் கம்மியா தனி டிக்கெட் போட்டுக் குடுக்க மாட்டேன். பெட்டி எடையும் பாத்துக்கோங்க, உள்நாட்டு டிக்கெட்ல பெரும்பாலும் 15 கிலோதான், வெளிநாட்டுக்கு 30 இருக்குன்னு கட்டிட்டு வந்தா மிச்சத்துக்கு வாகைகுளத்துலயே துட்டு கட்டணும். இல்லன்னா கருப்பட்டியவும் முறுக்கையும் திருப்பி எடுத்துட்டுப் போவ வீட்டு ஆளு ஒருத்தர வாசல்ல நிக்க வைங்க.